இரண்டு வகைப் பூஜ்ஜியம்

கடையிலிருந்து வாங்கி வந்த இரண்டடித் தொட்டியைக் கழுவி, மணல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே டெஸ்ட் கிட்டால் அளந்து பாருங்கள். அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரைட் பூஜ்ஜியம் என்று காட்டும். அதே தொட்டியில் எட்டு மீன்கள் இரண்டு மாதம் நலமாக வாழ்ந்த பிறகு மறுபடி அளந்தாலும் அதே பூஜ்ஜியங்கள்தான். முதல் நாள் அந்தத் தண்ணீரில் ஒரு டஜன் மீன்களை விட்டால் சில வாரங்களில் பாதி மிஞ்சுவதே பெரிய விஷயம். இரண்டு மாதம் கழித்து மேலும் இரண்டு மீன்களை விட்டால் ஒன்றும் ஆகாது.

முதல் பூஜ்ஜியம், தொட்டியில் கழிவே இல்லாததால் வந்தது. இரண்டாவது பூஜ்ஜியம், கழிவு உண்டாக உண்டாக அதைத் தின்று தீர்க்க ஆள் இருப்பதால் வந்தது. புதுத் தொட்டி இன்னும் சில மீன்களுக்குத் தயாரா என்று கேட்பவர் உண்மையில் கேட்பது, தன் தொட்டியில் இருப்பது எந்தப் பூஜ்ஜியம் என்றுதான்.

ஒரு கிராம் தீனியின் கணக்கு

நம் உடல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது. மீனுக்கு அந்தச் சிரமம் இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால், புரதத்தை எரித்ததும் மிஞ்சும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாக நேரே வெளியே விட்டுவிடுகிறது. ஆறும் ஏரியும் அதைக் கரைத்து விழுங்கிவிடும். ஐம்பது லிட்டர் தண்ணீரால் அது முடியாது.

எவ்வளவு அம்மோனியா சேரும் என்பதற்கு மீன் பண்ணைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. தீனியின் எடையை அதிலுள்ள புரத விகிதத்தாலும், பிறகு 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால், அம்மோனியாவாக வெளிவரும் நைட்ரஜனின் எடை கிடைக்கும். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் போட்டால் சுமார் 37 மில்லிகிராம். மணலும் கல்லும் போக இரண்டடித் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆக, ஒரு கிராம் தீனி அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு லிட்டரிலும் 0.7 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜனைச் சேர்க்கிறது. தினமும் ஒரு கிராம் போட்டால் மூன்றாம் நாளே 2 மில்லிகிராமைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கில் மீன்களின் எண்ணிக்கை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தொட்டியின் சுமையைத் தீர்மானிப்பது அதற்குள் விழும் தீனி. மீன் கூடினால் தீனி கூடும், தீனி கூடினால் அம்மோனியா கூடும். ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்று கடைகளில் சொல்லப்படும் சூத்திரம் இதனால்தான் அரைகுறையானது. தொட்டிக்கு எத்தனை நாள் வயது, ஃபில்டரில் என்ன குடியேறியிருக்கிறது என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

தின்பவர்கள் யார்

1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன், வாலிஸ்னேரியா செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, தண்ணீரை மாற்றாமலே அவை வாழ்வதைக் காட்டினார். மீன் விடும் கார்பன் டை ஆக்சைடைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி தரும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்கிறது, அழுகும் இலையை நத்தை தின்றுவிடுகிறது என்பது அவர் விளக்கம். கணக்கு அழகாக இருந்தது. ஆனால் அதில் அம்மோனியாவுக்கு இடமில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்களில் ஒருவர் அவருடைய மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்த அவர், அம்மோனியா நைட்ரேட்டாவது ஒரே தாவலில் நடப்பதில்லை, முதலில் நைட்ரைட், பிறகு நைட்ரேட் என்று இரண்டு படிகளில் நடக்கிறது என்று காட்டினார்.

அதற்குச் சற்று முன்பு, 1877இல், பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியே சாக்கடை நீரை மெல்லச் சொட்டவிட்டார்கள். முதல் இருபது நாள் அம்மோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. அதன்பின் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் நின்றுபோனது. தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றியதும் மீண்டும் வந்தது. இது வெறும் வேதிவினை இல்லை, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்பது அதிலிருந்து உறுதியானது. இன்று நம் வீட்டுத் தொட்டியில் ஓடும் ஃபில்டர் அந்தக் குழாயின் நேர் வாரிசு. அந்த இருபது நாள் காத்திருப்பும் நமக்குச் சேர்ந்தே வந்திருக்கிறது.

1890இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்து வளர்த்தார். அதுவரை மற்றவர்கள் தோற்றதற்குக் காரணம், அவர்கள் சத்தான ஊடகத்தில் வளர்க்கப் பார்த்ததுதான். இந்த உயிர்களுக்கு அந்த விருந்து வேண்டாம். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, அதில் வரும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, கார்பன் டை ஆக்சைடிலிருந்து தங்கள் உடலைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன. வருமானம் குறைவு, கட்டுமானச் செலவு அதிகம். அதனால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். நம் குடலில் வாழும் ஈ. கோலி நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க அரை நாளோ ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

மீன் வளர்ப்பு நூல்கள் நெடுங்காலமாக நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பெயர்களையே சொல்லிவந்தன. 1998இல் டிமோதி ஹோவனெக்கும் அவர் குழுவினரும் நன்னீர்த் தொட்டிகளில் தேடிப் பார்த்தபோது, நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்துக் கடல்நீர்த் தொட்டியிலிருந்து, அம்மோனியாவைத் தின்னும் ஆர்க்கியா ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. ஆர்க்கியா என்பது பாக்டீரியா அல்லாத வேறோர் உயிர்க் குலம். 2015இல் இரண்டு படிகளையும் ஒரே உடலில் முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றுள் சில, மீன் வளர்க்கும் அமைப்பு ஒன்றின் ஃபில்டரில் கிடைத்தவை.

இந்த உயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவது குறைவு. ஸ்பாஞ்ச், மணல், கல், கண்ணாடி என்று ஆக்சிஜன் வந்துபோகும் பரப்புகளில் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளி எடுத்துப் புதுத் தொட்டியில் ஊற்றுவதால் பெரிய பயன் இல்லாதது இதனால்தான். பழைய ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிப் புது ஃபில்டருக்குள் வைத்தால், பாலில் உறைமோர் விட்டதுபோல, வாரக்கணக்கான வேலை சில நாளில் முடியும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மீன் சாகும் மூன்றாவது வாரம்

“இரண்டு நாள் தண்ணீரை ஓடவிட்டு, அப்புறம் மீனை விடுங்க” என்பது பலரும் கேட்டிருக்கும் யோசனை. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் வெளியேற அது உதவும். ஃபில்டர் தயாராக உதவாது. அம்மோனியா இல்லாத தொட்டியை ஒரு மாதம் ஓடவிட்டாலும், சோறில்லாத வீட்டில் யாரும் தங்கமாட்டார்கள்.

அம்மோனியா வரத் தொடங்கியதும் நடப்பவை வரிசைப்படி நடக்கின்றன. முதல் ஓரிரு வாரம் அம்மோனியா ஏறும். அதைத் தின்பவை பெருகியதும் இறங்கும். அது இறங்கும்போதே நைட்ரைட் ஏறும், ஏனென்றால் நைட்ரைட்டைத் தின்பவை தங்கள் இரை வந்த பிறகே பெருக முடியும். இரண்டாவதிலிருந்து நான்காவது வாரம் வரை நைட்ரைட் உச்சத்தில் நிற்பது வழக்கம். கடைசியில் அதுவும் இறங்கி, நைட்ரேட் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். நம் ஊர் வெப்பத்தில் மொத்தம் மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

அம்மோனியாவுக்கு மட்டும் சோதித்துப் பார்த்து நிம்மதி அடைபவர்களின் மீன்கள் சாவது இந்த நைட்ரைட் காலத்தில்தான். நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வேறு வடிவமாக மாற்றுகிறது. இரத்தம் பழுப்பாகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து திணறும். அந்த நேரத்தில் தண்ணீர் பளிங்குபோல இருக்கக்கூடும்.

இதற்கு எளிய முதலுதவி ஒன்று உண்டு. நைட்ரைட் உள்ளே நுழையும் அதே வழியில்தான் குளோரைடும் நுழைகிறது. 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து விட்டால், குளோரைடு முந்திக்கொண்டு நைட்ரைட்டின் வழியை அடைக்கும். கூடவே கால்வாசித் தண்ணீரை மாற்றி, தீனியை நிறுத்த வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஒரே அளவு அம்மோனியா ஒரு வீட்டில் மீனைக் கொல்லும், இன்னொரு வீட்டில் ஒன்றும் செய்யாது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் அயனி பெரிய தீங்கு செய்யாது. மின்னூட்டமற்ற அம்மோனியாதான் செவுளைத் தாக்கும் நஞ்சு. எது எவ்வளவு என்பதைப் பிஎச் அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும்போது, பிஎச் 7 என்றால் நஞ்சு வடிவம் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் சுமார் 7 சதவீதம். 8.5 என்றால் 20 சதவீதம். சென்னையில் போர் தண்ணீரை நிரப்பும் பல வீடுகளில் பிஎச் எட்டை ஒட்டி இருப்பது சாதாரணம். நூல்களில் தாங்கக்கூடியது என்று போட்டிருக்கும் அளவு அங்கே ஆபத்தாகிவிடும்.

அப்படியானால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? அதில் வேறொரு சிக்கல். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்க்க, ஃபில்டரிலுள்ள உயிர்கள், பிஎச் சரியாமல் தாங்கிப்பிடிக்கும் காரத்தன்மையில் சுமார் 7 மில்லிகிராமைச் செலவழிக்கின்றன. தினம் ஒரு கிராம் தீனி விழும் நம் தொட்டியில், ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் நாளுக்கு 5 மில்லிகிராம் காரத்தன்மை குறையும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீர் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். 20 மில்லிகிராம் உள்ள ஆர்ஓ தண்ணீர் நான்கே நாளில் வெறுமையாகும். பிறகு பிஎச் சரியும். ஆறுக்குக் கீழே போனதும் ஃபில்டர் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்யும்.

அந்தத் தொட்டியில் அம்மோனியம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும். பிஎச் குறைவாக இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கும். ஒரு நாள் வீட்டுக்காரர் அக்கறையோடு பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றுவார். பிஎச் எட்டை நோக்கி ஏறும். சேர்ந்திருந்த அம்மோனியம் நஞ்சாக மாறும். அன்றிரவே மீன்கள் போய்விடும். “தண்ணி மாத்தினாலே செத்துடுது” என்ற புலம்பலுக்குப் பின்னால் பல வீடுகளில் இந்த வேதியியல் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரோடு போர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஒரு பங்கு கலந்து, எப்போதும் அதே விகிதத்தில் ஊற்றிவந்தால் இது நேராது.

கடைக்காரரிடம் நன்றாக இருந்த மீன் நம் வீட்டுக்கு வந்ததும் சாவதற்கும் விளக்கம் உண்டு. சென்னை கொளத்தூர்ப் பக்கத்து வண்ண மீன் பண்ணைகளில் வெயில் படும் சிமெண்ட் தொட்டிகளில், பச்சைத் தண்ணீரில் மீன் வளரும். அந்தப் பச்சை என்பது நுண்பாசி. அது அம்மோனியத்தை நேரடியாக உரமாக எடுத்துக்கொள்கிறது. கூடத்தில் குழல்விளக்கின் கீழ், பளிச்சென்று கழுவிய தொட்டியில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

எதை நம்பக் கூடாது

தெளிவான தண்ணீரை நம்பக் கூடாது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது. புதுத் தொட்டியில் சில நாளில் தோன்றும் பால்போன்ற கலங்கலும், அது தெளிவதும், கரிமக் கழிவைத் தின்னும் வேறு பாக்டீரியாக்களின் கதை.

ஃபைட்டர் மீன் உயிரோடிருப்பதை நம்பக் கூடாது. அதற்குக் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. சிறு கண்ணாடிக் குடுவையிலும் அது தாக்குப்பிடிக்கும். அங்கே நியான் டெட்ரா தாங்காது.

நாட்காட்டியையும் முழுக்க நம்ப முடியாது. நடுவில் மெத்திலீன் நீலம் ஊற்றியிருந்தால், ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவியிருந்தால், நீண்ட மின்தடையில் மூடிய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்திருந்தால், ஆறாவது வாரமும் முதல் வாரமாகிவிடும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

தொட்டியைக் கேட்கும் முறை

சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் மூன்று தேவை: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். முதலில் வாளியில் இருக்கும் புதுத் தண்ணீரை அளந்து எழுதி வையுங்கள். பல ஊர்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டியில் நைட்ரேட்டைக் கண்டு மகிழ்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மீன் விடாத தொட்டி என்றால் சோதனை எளிது. அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 50 லிட்டருக்கு 0.3 கிராம் கரைத்தால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும். ஈயம் பூசுவோருக்கு விற்பது சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். அளவு குறையும்போதெல்லாம் மறுபடி சேர்த்து வாருங்கள். ஒரு நாள், 2 மில்லிகிராம் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகும். அன்று ஃபில்டர் தயார். நைட்ரேட்டைக் குறைக்கப் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம். அதன்பின் ஃபில்டரைப் பட்டினி போடக் கூடாது.

மீன் ஏற்கனவே இருந்தால் நவச்சாரம் வேண்டாம். மீனே அம்மோனியா தருகிறது. வழக்கமான தீனி போட்டு சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும், ஏனென்றால் அம்மோனியா அப்போதுதான் அதிகம் வெளிவரும். ஒரு வாரம் முழுக்க அந்த நேரத்தில் இரண்டும் பூஜ்ஜியமாக இருந்து, நைட்ரேட் மட்டும் வாரத் தொடக்கத்தைவிட ஏறியிருந்தால், அது இரண்டாவது வகைப் பூஜ்ஜியம். செடிகள் அடர்ந்த தொட்டி இதற்கு விதிவிலக்கு. அங்கே செடியே அம்மோனியத்தை எடுத்துக்கொள்வதால் நைட்ரேட் ஏறாமலும் இருக்கலாம். செடி செழித்து வளர்வதே அங்கே சான்று.

இத்தனையும் சரியாக இருந்தாலும், இன்று இருக்கும் தீனிக்கு இன்று இருக்கும் ஃபில்டர் போதும் என்பதுதான் அதன் பொருள். தின்பவை இரையின் அளவுக்கே பெருகியிருக்கும். நாளைக்கு வரப்போகும் விருந்தினருக்காக அவை முன்கூட்டியே ஆள் சேர்த்து வைப்பதில்லை. ஆறு மீன் உள்ள தொட்டியில் ஒரே நாளில் ஆறு மீன் சேர்த்தால் அம்மோனியா வரத்து இரட்டிக்கும். ஃபில்டர் அதை எட்டிப்பிடிக்கும் வரை மிச்சமெல்லாம் தண்ணீரில் நிற்கும். இரண்டு மீன் சேர்த்தால் மிச்சம் சொற்பம்.

ஆகவே இருக்கும் மீன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் சேர்க்காதீர்கள். அதற்கு முன் புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து, வெண்புள்ளி நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். விட்ட முதல் சில நாள் தீனியைக் குறைத்துப் போட்டு, தினமும் அளந்து பாருங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தலைகாட்டினால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரமாவது இரண்டும் பூஜ்ஜியமாக நின்ற பிறகே அடுத்த மீனைப் பற்றி யோசியுங்கள். வாராந்தரம் கால்வாசித் தண்ணீர் மாற்றியும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே நிற்க மறுத்தால், உங்கள் தொட்டிக்கு இருக்கும் மீன்களே போதும். புது மீன் வாங்கும் ஆசை வந்தால், இன்னும் பெரிய தொட்டிக்கு இடம் பாருங்கள்.